ஏற்றத்தில் இழுக்காத கெப்: டீசல் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

டீசல் கெப் (பிக்அப்) காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று சொன்னதும் பல கராஜ்களில் முதலில் கழற்றப்படுவது, டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்பும் அதை எஞ்சினுக்குள் தெளிக்கும் நொசிலும்தான். ஹட்டன் பக்கத்தில் பல வருடங்களாக டீசல் வேலை செய்கிறேன். என் கைக்கு வந்த கெப்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கோளாறு பம்ப்பை எட்டும் முன்பே, தாங்கிக்கும் பில்டருக்கும் நடுவில்தான் இருந்தது. தளர்ந்துபோன ஒரு கிளிப், வெடித்த ஒரு சாண் ஹோஸ், அடைத்துக்கொண்ட வலை. கையிலுள்ள சில்லறையில் முடிய வேண்டிய வேலை. அதைத் தேடாமல் பம்ப்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி, கெப்பை ஒரு வாரம் முட்டுக்கட்டையில் நிறுத்தி, மரக்கறி இறங்கும் நாட்களில் வாடகையையும் இழந்து, கடைசியில் அதே கோளாறோடு திரும்பிய வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கெப்பை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிற ஊரில் இது சின்ன நட்டம் இல்லை.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் தாங்கியிலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கி வாருங்கள். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சமதரையில் உள்ளவர்கள் காசு கொடுத்துச் செய்யும் சில சோதனைகளை, வாசலில் உள்ள சரிவே நமக்குச் செய்து கொடுத்துவிடும்.

கைவைக்கும் முன்

உங்கள் கெப் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹைலக்ஸ் 2எல், 3எல், 5எல், பழைய எல்200, இசுசு 4ஜேபி1 போன்றவை இயந்திரப் பம்ப் வகை. பம்ப்பிலிருந்து ஒவ்வொரு நொசிலுக்கும் தனித்தனி இரும்புக் குழாய் போகும். நொசில் 100 முதல் 200 பார் வரையான அழுத்தத்தில் திறக்கும். ஹைலக்ஸ் 1கேடி, 2கேடி முதலியவை கொமன் ரெயில் வகை. பம்ப் ரெயில் என்னும் ஒரு தடித்த குழாயில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்க, கணினி சொல்லும் நேரத்தில் நொசில் வேலை செய்யும் இன்ஜெக்டர் திறக்கிறது. சும்மா ஓடும்போதே 250 முதல் 400 பார் இருக்கும். ஏற்றத்தில் மிதித்தால் 1,000 பாரைத் தாண்டிவிடும்.

அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். சில மணி நேரத்தில் விரலையே இழக்க வைக்கக்கூடிய காயம் அது. அப்படி நடந்தால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட விரலை ஓட்டக் கூடாது. ஓர் அட்டைத் துண்டைப் பிடியுங்கள். கொமன் ரெயில் எஞ்சின் ஓடும்போது எந்த உயரழுத்த நட்டையும் தளர்த்தக் கூடாது. நிறுத்திய பிறகும் சில நிமிடம் பொறுத்துத்தான் தொட வேண்டும்.

நம் ஊரில் வாகனம் சமதரையில் நிற்பது அரிது. கியரையும் கைப்பிரேக்கையும் மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை

ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய்ச் சைலன்சரைப் பாருங்கள். இந்த ஒரு பார்வையில் பாதி வழி தெரிந்துவிடும்.

வெள்ளைப் புகை வருகிறதென்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனி படியும் காலைகளில் இது சாதாரணம். டீசல் பாதையை விட்டுவிட்டு, ஸ்டார்ட் ஆகும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, சோதனை பல்பின் ஒரு வயரைப் பெட்டரியின் பிளஸ்ஸிலும் மறு வயரை ஒவ்வொரு பிளக்கின் நுனியிலும் வைத்தால், நல்ல பிளக் பல்பை எரிய வைக்கும். 3எல், 5எல் போன்றவை முன்னறையில் டீசலை எரிக்கும் எஞ்சின்கள். இரண்டு பிளக் போனாலே குளிரில் அடம்பிடிக்கும். பிளக் எல்லாம் சரியென்றால் பெட்டரி பலத்தையும் எஞ்சின் கம்பிரஷனையும் (சிலிண்டர் காற்றை அழுத்தும் பலம்) பார்க்க வேண்டும். இரண்டும் டீசல் பாதைக்கு வெளியே உள்ளவை.

புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. பில்டர் தலையில் உள்ள கைப்பம்ப்பை அமுக்குங்கள். உள்ளங்கைக்குக் கிடைக்கும் உணர்வைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து அமுக்கில் கல்லாக இறுகினால் பில்டர் வரைக்கும் டீசல் வந்துவிட்டது. முப்பது நாற்பது முறை அமுக்கியும் பஞ்சு போலவே இருந்தால் எங்கோ எயார் எடுக்கிறது, அல்லது தாங்கியில் டீசலே இல்லை. அமுக்கிய பிறகு மேலே எழும்பாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றால் தாங்கிப் பக்கம் அடைப்பு. நேற்று மாலை இறுக்கி வைத்த கைப்பம்ப் காலையில் தொய்ந்திருந்தால், இரவோடு இரவாக டீசல் தாங்கிக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் வையுங்கள். ஹைலக்ஸ் போன்ற பல கெப்களில் தாங்கிக்குள் பம்ப் கிடையாது. எஞ்சினில் உள்ள பம்ப்தான் தாங்கியிலிருந்து உறிஞ்சுகிறது. எனவே எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய் முழுவதும் உறிஞ்சலில் இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். கீழே ஈரமே இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று சொல்லி நிறைய நல்ல மெக்கானிக்குகளும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதற்குத்தான் சரிவு. ஒரு மாலை கெப்பின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். அடுத்த மாலை முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். முகம் மேலே இருக்கும்போது எஞ்சின் தாங்கியை விட உயரத்தில் நிற்கும். குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்து டீசல் பின்னால் இறங்கிவிடும். முகம் கீழே இருக்கும்போது தாங்கி உயர்ந்து, டீசல் தானாகவே எஞ்சினை நோக்கி வரும். முதல் காலை ஸ்டார்ட் ஆகாமல் இரண்டாவது காலை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனால் பம்ப்பிலும் நொசிலிலும் கைவைக்க வேண்டாம். எயார் எடுக்கும் இடத்தைத் தேடுங்கள். தேடுவதற்கும் அதே சரிவு உதவும். முகம் பள்ளத்தைப் பார்க்கத் தாங்கியை நிரப்பி நிறுத்திவிட்டு, குழாய் ஓடும் பாதை முழுவதற்கும் அடியில் அட்டைப் பெட்டிகளை விரித்து வையுங்கள். பகலில் காற்றை எடுத்த ஓட்டை இரவில் டீசலைச் சொட்டும்.

கந்தப்பளைப் பக்கத்திலிருந்து ஒரு 3எல் ஹைலக்ஸ் இப்படித்தான் வந்தது. கோவாவும் லீக்ஸும் ஏற்றும் வண்டி. இரண்டு இடத்தில் வேலை பார்த்து, நொசில் மாற்றி, பம்ப்பும் ஒருமுறை போய் வந்துவிட்டது. சாரதி ஒரு வாக்கியம் சொன்னார்: "அண்ணே, வீட்டில் நிறுத்தினால்தான் காலையில் மறுக்கிறது, கோயிலடியில் நிறுத்தினால் ஒன்றும் இல்லை." வீட்டுப் பக்கம் குளிர் கூட என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் வீட்டு வாசல் மேட்டைப் பார்க்கிறது, கோயில் திடல் பள்ளத்தைப் பார்க்கிறது. அட்டை விரித்த மறுநாள் காலையில் பின் சில்லுக்குச் சற்று முன்னால், ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரே ஒரு கறை. அதற்கு நேர் மேலே இரும்புக் குழாயைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப். அதைக் கழற்றினால் உள்ளே ஈரமான வெள்ளைத் தூளும் துருவும் அடை போல ஒட்டியிருந்தன. மரக்கறி ஏற்றிப்போன வண்டி திரும்பும்போது உரமும் கோழி எருவும் ஏற்றி வரும். உரத்தூள் மழையில் கரைந்து கிளாம்ப்புக்குள் தங்கி, குழாயைத் தின்றிருக்கிறது. நகத்தால் துருவைச் சுரண்டியபோது குண்டூசி போகும் ஓட்டை ஒன்று தெரிந்தது. ஒரு முழம் குழாயை வெட்டி மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்தக் குடும்பம் அதுவரை கட்டிய காசை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

உரம் ஏற்றும் கெப் என்றால் சட்டத்தோரக் கிளாம்ப்புகளை வருடத்தில் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள்; மேல்தோலில் வெடிப்பு விரிந்தால் மாற்றுங்கள். நொசில்களின் தலையைச் சுற்றி ஓடி, மிஞ்சும் டீசலைத் தாங்கிக்குத் திருப்பும் சின்ன ரிட்டர்ன் ஹோஸ்களும் பல வருடம் ஆனால் மரம் போல விறைத்துவிடும். அவையும் எயார் எடுக்கும்.

ஓட்டையைச் சரிசெய்த பிறகு, உள்ளே தங்கிய எயாரை வெளியேற்றும் முறை இதுதான். பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்ப்பை அமுக்கி, திருகை இறுக்கி, பிறகு கல்லாகும்வரை அமுக்குங்கள். இயந்திரப் பம்ப் வகையில் அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் நொசில் பக்க நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி சுற்றி, ஸ்டார்ட்டரைத் திருப்பி, டீசல் துள்ளியதும் இறுக்கலாம். கொமன் ரெயிலில் கைப்பம்ப் மட்டும்தான். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

கொமன் ரெயிலில் டீசல் பில்டர் வரை நன்றாக வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், கெப்பின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறக்குறைய 250 பார் எழும்பாவிட்டால் கணினி பெரும்பாலும் இன்ஜெக்டரைத் திறக்காது. அழுத்தம் எங்கே போகிறது என்பதற்கு கீழே சொல்லப்போகும் போத்தல் சோதனை வேண்டும்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

மறுபடியும் புகையைப் பாருங்கள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும்போது பின்னால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லலாம். இழுவை இல்லை, கரும்புகை அள்ளுகிறது என்றால் டீசலுக்குக் குறைவில்லை, காற்றுக்குத்தான் குறைவு. எயார் பில்டர், காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் டர்போவிலிருந்து வரும் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சின் டீசலுக்குத் தவிக்கிறது.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கெப் அங்கே கொஞ்சம் சோர்வதும் கொஞ்சம் கறுப்பாக ஊதுவதும் இயல்பு. இழுவை வேண்டுமென்று பம்ப் திருகை ஏற்றி டீசலைக் கூட்டச் சொல்லாதீர்கள். எரிக்கக் காற்று இல்லாத இடத்தில் கூடுதல் டீசல் சூட்டையும் கரியையும் மட்டுமே தரும். வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் நிற்காது. இன்னொன்று, உறிஞ்சும் பம்ப்புக்கு உதவி செய்வதே வெளிக்காற்றின் அழுத்தம்தான். அது குறையும் உயரத்தில், அதுவும் முகம் தூக்கி ஏறும்போது, கீழ்நாட்டில் சமாளித்த பாதி அடைத்த பில்டர் கைவிட்டுவிடும். கண்டியில் நன்றாக இருந்த வண்டி ரம்பொடையில் ஏறும்போது சோர்கிறது என்று சொல்பவர்களின் கெப்பில் நான் முதலில் மாற்றுவது டீசல் பில்டரைத்தான்.

பழைய பில்டரை எறிந்துவிடாதீர்கள். தகரத்தை அரமறுவாளால் சுற்றி வெட்டி, உள்ளே உள்ள காகிதத்தை ஒரு வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். செந்நிறத் தூள் என்றால் தாங்கியோ குழாயோ துருவேறுகிறது. கறுப்பாக, விரலில் கொழகொழவென்று ஒட்டினால் தாங்கியில் தண்ணீர் நின்று அதில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. வெள்ளி நிறத்தில் மினுங்கும் பொடி இருந்தால் உலோகம் எங்கோ தேய்கிறது. பம்ப்பைத் தாண்டி வந்த டீசல் ரிட்டர்ன் வழியாகத் தாங்கிக்குத் திரும்புவதால் அதன் தேய்மானமும் பில்டரில் வந்து சேரும். அப்போது மட்டும் பம்ப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

பில்டர் புதிது, இன்னும் இழுக்கவில்லை என்றால் ஏற்றத்தில் சோர்ந்ததும் ஓரமாக நிறுத்தித் தாங்கி மூடியைத் திறவுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால் தாங்கியின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. சேறு அடைக்கும், குளவி மண்கூடு கட்டியும் அடைக்கும்.

அதுவும் இல்லையென்றால் தாங்கியையே விலக்கிப் பார்க்கலாம். சுத்தமான டீசல் ஐந்து லீற்றரை ஒரு கேனில் எடுத்து, பில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வேறொரு ஹோஸால் கேனிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்புங்கள். கேனை அசையாமல் கட்டி, எஞ்சின் சூட்டுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அதே ஏற்றத்தில் வண்டி பாய்ந்தால் குற்றம் தாங்கி, அதனுள் உள்ள வலை, குழாய் இவற்றில்தான். பாயாவிட்டால் பில்டருக்கு அப்பால் போகலாம். பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் தற்காலிகமாக உள்ளே தெரியும் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் ஹோஸ் போட்டால் குமிழி ஓடுவதையும் கண்ணாலேயே காணலாம்.

கொமன் ரெயிலில் இதோடு எஞ்சின் விளக்கும் எரிந்து, ஸ்கேனரில் பி0087 என்று வரும். ரெயில் அழுத்தம் குறைவு என்பதே அதன் பொருள். பம்ப் பழுது என்று அது சொல்லவில்லை. அடைத்த பில்டரும், எயாரும், பழுதான இன்ஜெக்டரும் அதே எண்ணைத்தான் தரும்.

ஓடும்போது நின்றுவிடுகிறது, சற்று ஆறவிட்டால் ஓடுகிறது

பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காதது போல் ஓடும், ஐந்து மைல் போய் மறுபடி நிற்கும். தாங்கிக்குள் ஏதோ மிதக்கிறது என்று நான் முதலில் சந்தேகிப்பேன். உறிஞ்சலில் வந்து வலையில் ஒட்டும். எஞ்சின் நின்றதும் உதிர்ந்துவிடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனிலும் பீப்பாயிலும் வாங்கி ஊற்றிய வண்டிகளில் இதை அதிகம் கண்டேன். ஒரு தாங்கியிலிருந்து எடுத்தது ஒயில் கேனின் வாயை மூடும் வெள்ளித் தாள். நகத்தளவு துண்டுதான். வலையின் வாயில் அளந்து வைத்தது போல் பொருந்தியது.

ஏற்றத்தில் மட்டும், அதுவும் தாங்கி கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் நின்றால், டீசல் பின்னால் ஒதுங்கி உறிஞ்சுகுழாய் காற்றை எடுக்கிறது. தாங்கியை நிரப்பி அதே பாதையில் போய்ப் பாருங்கள். இயந்திரப் பம்ப்பில் மின்சாரத்தால் டீசலை நிறுத்தும் சின்ன வால்வின் வயர் ஆடினாலும் எஞ்சின் சட்டென்று அணையும். அதைக் கழற்றிச் செருகும்போது 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். சூடேறினால் மட்டும் நிற்கும் கொமன் ரெயில் எஞ்சினில், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சரையும் பாருங்கள்.

இறக்கத்தில் எஞ்சின் அணைந்தால் கிளட்சை மிதிக்காதீர்கள். டீசல் வாகனத்தில் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தருவது எஞ்சினால் சுற்றும் பம்ப். கியரில் இருந்தால் சில்லு எஞ்சினைச் சுற்றும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் உதவி பெறும். கிளட்சை மிதித்த கணத்தில் இரண்டும் கனத்துவிடும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். நிற்கும்வரை சாவியை முழுவதும் திருப்பி எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வண்டி நிற்க, எஞ்சின் சும்மா ஓடும்போது நடுங்குகிறது

இயந்திரப் பம்ப் வகையில் கண்ணாடி அணிந்து, துணி பிடித்து, எஞ்சின் ஓடும்போதே நொசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். நல்ல நொசிலைத் தளர்த்தினால் நடுக்கம் கூடும். எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அந்த நொசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் நொசில், போகாவிட்டால் கம்பிரஷன்.

கொமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. அதற்குப் போத்தல் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் சேலைன் குழாய் மாட்டி, ஒரே அளவுப் போத்தல் நான்கில் விடுங்கள். கழற்றிய ரிட்டர்ன் பாதையின் வாயை அடைத்துவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். மூன்று போத்தலில் இரண்டு விரல் உயரமும் ஒன்றில் பாதிப் போத்தலும் நிரம்பினால் குற்றவாளி அதுதான். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் ஸ்டார்ட்டரைச் சுற்றியே இதைப் பார்க்கலாம். நான்கும் சமமாக இருந்து, எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மட்டும் ஏறி இறங்கினால் பம்ப்பில் உள்ள எஸ்.சி.வி. என்னும் உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வு ஒட்டுகிறது. அதைத் தனியாக மாற்றலாம். முழுப் பம்ப்பையும் வாங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மாற்றுவதற்கு முன் குமிழி இல்லை என்று உறுதி செய்யுங்கள், எயாரும் இதே ஆட்டத்தைக் காட்டும்.

தண்ணீர் விளக்கு எரிகிறது

டீசலில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு இது. எரிந்தால் அதே இடத்தில் நிறுத்தி, பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அமுக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கிவிட்டுப் போகலாம். போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய் யன்னலோரம் ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தண்ணீர் அடியில் தனிக் கோடாகப் பிரிந்து நிற்கும். சாய்த்தால் அந்தக் கோடு பாதரசம் போல உருளும். ஒருமுறை வந்தால் பயமில்லை. வாரம் ஒருமுறை வந்தால் தாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும். சுப்பர் டீசலுக்கு மாறினால் அந்தத் தண்ணீர் போய்விடாது.

தோட்டங்களில் டீசல் பீப்பாயை மழையில் நிமிர்த்தி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மேலே தேங்கும் மழைநீரை, இரவில் குளிர்ந்து சுருங்கும் பீப்பாய் மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரைக்கு அடியில் வையுங்கள், முடியாவிட்டால் சற்றுச் சாய்த்து, மூடி தண்ணீரில் மூழ்காதபடி வையுங்கள். அடியில் உள்ள கடைசி நான்கு விரல் டீசலை எந்த வாகனத்துக்கும் ஊற்ற வேண்டாம்.

கடகடவென்று தட்டும் சத்தம்

புதிதாகத் தட்டும் சத்தமும் வெள்ளை அல்லது கரும்புகையும் சேர்ந்து வந்தால் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். மூடாமல் ஒழுகும் ஓர் இன்ஜெக்டர் பிஸ்டன் தலையை உருக்கி ஓட்டை போட்டுவிடும். எஞ்சின் ஒயில் கோலை எடுத்து அளவு ஏறியிருக்கிறதா, டீசல் மணக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

பெற்றோலோ மண்ணெண்ணெயோ கலந்துவிட்டால்

பெற்றோல் ஊற்றியது தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள். பெற்றோல் செட்டிலிருந்து கெப்பைத் தள்ளி ஓரமாக்கித் தாங்கியைக் காலி செய்யுங்கள். சாவியைத் திருப்பாதவரை தாங்கியோடு போகும். ஓட்டிவிட்டால் பம்ப் வரை போகும். மண்ணெண்ணெய் சத்தமில்லாமல் கெடுக்கும். கொமன் ரெயில் பம்ப்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. கெப் ஓடும், இழுக்கும், சில மாதத்தில் பில்டரில் அந்த வெள்ளிப் பொடி வந்துவிடும்.

கராஜுக்குக் கொண்டுபோகும்போது

வெட்டிய பில்டரையும் டீசல் போத்தலையும் கூடவே எடுத்துப் போங்கள். எந்த ஏற்றத்தில், தாங்கி எவ்வளவு இருக்கும்போது, புகை என்ன நிறம், இரவு முகம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நொசிலையோ இன்ஜெக்டரையோ கழற்றினால் மாற்றுவதற்கு முன் மேசையில் சோதித்த அளவைக் கேளுங்கள். புதிய செப்பு வாஷர் போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.